ஆலையில் பிழைத்தால் போதுமா?

கோழித் தீவனத்தில் பெரும்பங்கு மக்காச்சோளமும் சோயாப் புண்ணாக்கும்தான். இரண்டிலும் பாஸ்பரஸுக்குக் குறைவில்லை. இருந்தும் அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு கோழியின் உடம்பில் சேராமல் எச்சத்தோடு போய்விடுகிறது. முளைக்கப்போகும் குருத்துக்கென்று செடி தன் விதைக்குள் பாஸ்பரஸைப் பைட்டேட் என்ற வடிவில் பூட்டி வைக்கிறது. ஆறு கார்பன் அணுக்கள் கொண்ட ஒரு வளையம், ஒவ்வோர் அணுவிலும் தொங்கும் ஒரு பாஸ்பேட், அவ்வளவுதான் அதன் அமைப்பு. ஆடு மாடுகளின் முதல் வயிற்றில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள் இதை உடைத்துக் கொடுத்துவிடும். கோழிக்கும் பன்றிக்கும் அந்த வசதி இல்லை. ஆகவே எலும்புக்கும் முட்டை ஓட்டுக்கும் வேண்டிய பாஸ்பரஸைப் பண்ணையாளர்கள் டிசிபி என்று சுருக்கமாகச் சொல்லும் டைகால்சியம் பாஸ்பேட்டாக வெளியிலிருந்து சேர்த்து வந்தார்கள். அது பாறை பாஸ்பேட்டிலிருந்து வருவது. உதய்ப்பூருக்கு அருகே ஜாமர்கோட்ராவில் நமக்குச் சுரங்கம் இருந்தாலும், இந்தியாவின் தேவையில் பெரும்பகுதி மொராக்கோ, ஜோர்டான் போன்ற நாடுகளிலிருந்து கப்பலில்தான் வருகிறது. ஒரு பக்கம் தீனியிலேயே இருக்கும் பாஸ்பரஸ் எச்சத்தில் போகிறது, மறுபக்கம் காசு கொடுத்து வாங்கிய பாஸ்பரஸ் மூட்டையில் வந்து இறங்குகிறது.

இந்தப் பூட்டைத் திறக்கும் நொதியின் பெயர் பைட்டேஸ். 1907-இல் ஜப்பானில் உமெதாரோ சுசுகியும் அவரது உடன் ஆய்வாளர்களும் அரிசித் தவிட்டில் இதைக் கண்டார்கள். அதைத் தீவனத்தில் கலந்தால் குஞ்சுகளின் எலும்பு வலுப்படுகிறது என்பதை 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் நெல்சன் குழுவினர் ஆஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சையின் நொதியைக் கொண்டு காட்டினார்கள். ஆனாலும் 1991-இல்தான் முதல் பைட்டேஸ் தயாரிப்பு சந்தைக்கு வந்தது. அதுவும் பன்றி, கோழி எச்சத்தின் பாஸ்பரஸால் மண்ணும் நீரும் கெட்டுப்போய், அரசு கட்டுப்பாடு விதிக்கத் தொடங்கியிருந்த நெதர்லாந்தில். செசபீக் விரிகுடாவைச் சுற்றிய ஆறுகளில் 1997-இல் மீன்கள் செத்து மிதந்த பிறகு, அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலம் கோழித் தீவனத்தில் பைட்டேஸ் சேர்க்க வேண்டும் என்று 1998-இல் சட்டமே போட்டது. பித்துமாட்டு நோய்க்குப் பிறகு 2001-இல் ஐரோப்பா இறைச்சி, எலும்புத் தூளைத் தீவனத்திலிருந்து விலக்கியதும் பைட்டேஸின் தேவை இன்னும் கூடியது.

இன்று கணக்கு எப்படிப் போடுகிறார்கள் என்பதைப் பார்த்தால் இந்த நொதியின் மேல் எவ்வளவு பாரம் ஏற்றப்பட்டிருக்கிறது என்பது விளங்கும். ஒரு கிராமுக்கு 5,000 அலகு செயல்திறன் உள்ள பைட்டேஸ் தூளில் 100 கிராமை ஒரு டன் தீவனத்தில் கலந்தால் கிலோவுக்கு 500 அலகு ஆகிறது. இதற்கு ஈடாகத் தீவனத்தின் கிடைக்கும் பாஸ்பரஸில் 0.1 சதவீதத்தைக் கழித்துக்கொள்வது வழக்கம். டிசிபியில் பாஸ்பரஸ் சுமார் 18 சதவீதம் என்பதால், டன்னுக்கு ஐந்தரை கிலோ டிசிபி குறைகிறது. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். நொதி தீவனத்தின் மேல் கூடுதலாகத் தூவப்படும் சத்து மாவு அல்ல. அது வேலை செய்யும் என்று நம்பி, அதற்குரிய கனிமத்தை முன்கூட்டியே வெளியே எடுத்துவிடுகிறார்கள். நொதி வழியில் செத்துப்போனால் கோழிக்கு இரண்டு பக்கமும் இழப்பு. கால் வலுவிழந்து சாய்ந்து உட்கார்ந்த பிராய்லர்களைப் பார்த்துத்தான் பண்ணைக்குச் சேதி தெரியவரும். நொதியின் நிலைப்புத்தன்மை ஏதோ ஆய்வுக்கூட விவகாரம் என்று ஒதுக்கிவிட முடியாதது இதனால்தான்.

நிலைப்புத்தன்மை என்றதும் வணிகம் முதலில் பேசுவது வெப்பத்தைப் பற்றி. எங்கள் நொதி இத்தனை டிகிரி தாங்கும் என்பதுதான் விளம்பரங்களில் பெரிய எழுத்தில் வருகிறது. வெப்பம் தாங்குவது அவசியம், ஆனால் அது நுழைவுச் சீட்டு மட்டுமே என்பது என் கருத்து. ஒரு தீவன நொதியின் தரத்தைத் தீர்மானிக்க வேண்டியது கோழியின் வயிற்றில், அமிலத்துக்கும் செரிமான நொதிகளுக்கும் நடுவே கிடைக்கும் கொஞ்ச நேரத்தில் அது முடித்துக் கொடுக்கும் வேலை. நொதியைத் திருத்தி அமைக்கும் ஆராய்ச்சியின் முப்பது ஆண்டு அனுபவமும் அந்தப் பக்கம்தான் சாய்கிறது.

முதலில் ஆலையைப் பார்ப்போம். அரைத்துக் கலந்த தீவனத்தை அப்படியே தூளாகக் கொடுக்கலாம். குச்சியாக, அதாவது பெல்லட்டாக அழுத்தியும் கொடுக்கலாம். பிராய்லருக்குக் குச்சித் தீவனமே தோது: சிந்தாது, பொறுக்கித் தின்ன இடம் தராது, எடையும் சீக்கிரம் ஏறும். அதற்காகத் தூளை நீராவியில் வேகவைத்து, துளையிட்ட தடித்த இரும்பு அச்சின் வழியே நெருக்கித் தள்ளுகிறார்கள். நீராவி அறையில் 80, 85 டிகிரி செல்சியஸ் சாதாரணம். சால்மொனெல்லா கிருமிக்குப் பயந்து 90-ஐத் தாண்டுகிறவர்களும் உண்டு. அச்சில் உராய்வதால் சூடு இன்னும் சில டிகிரி ஏறும். சூட்டைவிட மோசமானது அதோடு வரும் ஈரம். உலர்ந்த தூளாக இருக்கும்வரை நொதி ஓரளவு சூட்டைப் பொறுத்துக்கொள்ளும். ஈரம் ஏறியதும் அதன் புரதச் சங்கிலி நெகிழ்ந்து, மடிப்பு அவிழ்ந்து, பக்கத்துச் சங்கிலிகளோடு சிக்கிக்கொள்கிறது. வெந்த வெள்ளைக்கரு மறுபடி பச்சை முட்டையாவதில்லை, இதுவும் அப்படித்தான். ஆலைக்கு வருவதற்கு முன்னாலும் ஆபத்து இருக்கிறது. கோடையில் தகரக் கொட்டகைக்குள், ஈரத்தை இழுக்கும் கோலின் குளோரைடோடும் தாது உப்புகளோடும் ஒரே கலவையில் மாதக்கணக்கில் கிடக்கும் நொதி, நீராவியைப் பார்க்காமலே பாதி பலத்தை இழந்துவிடலாம்.

இதைச் சமாளிக்க ஆராய்ச்சியாளர்கள் கைக்கொண்ட வழிகள் சுவையானவை. சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் ரோஷ் நிறுவனத்தில் லேமன் குழுவினர் 13 பூஞ்சைப் பைட்டேஸ்களின் அமினோ அமில வரிசைகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கி, ஒவ்வோர் இடத்திலும் பெரும்பான்மையாக எது வருகிறதோ அதையே எடுத்து, இயற்கையில் எங்குமே இல்லாத ஒரு நொதியைக் கட்டினார்கள். வாக்கெடுப்பில் பிறந்த இந்த நொதியின் மடிப்பு அவிழும் வெப்பநிலை, தாய் நொதிகள் எல்லாவற்றையும்விட 15 முதல் 22 டிகிரி வரை கூடியிருந்தது. பின்னால் செய்த திருத்தங்களில் அது 90 டிகிரியையும் தொட்டது. எந்த ஒரு பூஞ்சையும் தனியாக எட்டாத உறுதியை, ஒவ்வொன்றிடமும் சிதறிக் கிடந்த சிறு சிறு நல்ல அம்சங்களைத் திரட்டியே அடைய முடிந்திருக்கிறது. இன்னொரு வழியும் உண்டு. ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபியூமிகேடஸ் என்ற பூஞ்சையின் பைட்டேஸ் சூட்டில் அவிழத்தான் செய்கிறது, ஆனால் ஆறியதும் தானாக மறுபடி மடிந்து வேலைக்குத் திரும்பிவிடுகிறது. அதன் உறவான ஆஸ்பெர்ஜில்லஸ் நைஜரின் நொதிக்கு அந்தத் திறமை இல்லை. அவிழாமல் நிற்பதும், அவிழ்ந்தாலும் மீள்வதும் வெவ்வேறு குணங்கள். எத்தனை டிகிரி தாங்கும் என்ற ஒற்றைக் கேள்வி இரண்டையும் ஒன்றாகக் குழப்பிவிடுகிறது.

மூன்றாவது முயற்சிதான் என் வாதத்துக்கு மிக நெருக்கமானது. நம் குடலில் வாழும் ஈ. கோலை பாக்டீரியாவுக்கும் ஒரு பைட்டேஸ் உண்டு. அமெரிக்க டைவெர்ஸா நிறுவனத்தின் ஆய்வாளர்கள் அதன் 431 இடங்களில் ஒவ்வொன்றிலும் இருக்கும் அமினோ அமிலத்தை மற்ற 19 வகைகளாலும் மாற்றிப் பார்த்தார்கள். அதாவது 8,189 ஒற்றை மாற்றங்கள். அத்தனையிலும் வெப்பம் தாங்கும் திறனைக் குறிப்பிடத்தக்க அளவு கூட்டியவை வெறும் 14. அவற்றில் எட்டை ஒரே நொதியில் சேர்த்து 2004-இல் அவர்கள் வெளியிட்ட முடிவு இது: 62 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்தும் செயல்திறன் குறையவில்லை, 85 டிகிரியில் பத்து நிமிடத்துக்குப் பின் 27 சதவீதம் மிஞ்சியது. இரைப்பைச் சூழலில் தாக்குப்பிடிக்கும் திறன் மூன்றரை மடங்கு கூடியிருந்தது. முதல் சல்லடை வெப்பத்துக்காக இடப்பட்டது என்றாலும், இரைப்பைக் கணக்கையும் தனியாக அளந்து பார்த்த பிறகே நொதியைத் தேர்ந்ததாக அறிவித்தார்கள். இறுக்கமாக மடிந்த புரதத்தில், வெட்டும் நொதிகள் பல்லைப் பதிக்கத் தளர்ந்த முனை கிடைப்பதில்லை. அதனால் இரண்டு உறுதியும் சில வேளைகளில் சேர்ந்தே வருகின்றன.

சில வேளைகளில்தான். கார்னெல் பல்கலைக்கழகத்தில் லெய் குழுவினர் 1999-இல் பூஞ்சைப் பைட்டேஸையும் ஈ. கோலை பைட்டேஸையும் இரண்டு செரிமான நொதிகளுக்கு எதிரே நிறுத்திப் பார்த்தார்கள். இரைப்பையில் சுரக்கும் பெப்சினை ஈ. கோலையின் நொதி நன்றாகத் தாங்கியது. செயல்திறன் சற்றுக் கூடவும் செய்தது. சிறுகுடலின் டிரிப்சினிடம் அது தோற்றது. பூஞ்சை நொதிக்கோ நேர்மாறு. இரண்டில் எது தேவை? கோழியின் உட்புறத்தைக் கொஞ்சம் நெருங்கிப் பார்த்தால் பதில் கிடைக்கும். தின்ற தீனி முதலில் கழுத்தடியில் இருக்கும் தீனிப்பையில் ஊறுகிறது. அங்கே அமிலம் குறைவு, பிஎச் 5, 6 அளவில். அடுத்து அமிலமும் பெப்சினும் சுரக்கும் வயிறு, அதை ஒட்டித் தசை தடித்த அரைவைப்பை. இங்கே பிஎச் 2-க்கும் 4-க்கும் இடையில். அதைத் தாண்டிச் சிறுகுடலுக்குப் போனால் அமிலம் தணிந்து பிஎச் 6, 7 ஆகிவிடும். பைட்டேட் அமிலத்தில் கரையும். அமிலம் குறைந்த இடத்திலோ கால்சியத்தோடு சேர்ந்து படிந்துவிடும், அப்புறம் எந்த நொதியும் எளிதில் அதை நெருங்க முடியாது. ஆகவே வேலை முடிய வேண்டிய இடம் தீனிப்பையும் அரைவைப்பையும்தான். வாயிலிருந்து வெளியேறும்வரை ஒரு பிராய்லரின் தீனிக்கு மொத்தமே சில மணி நேரம். அதில் அமிலப் பகுதியில் தங்குவது இன்னும் கொஞ்சம். பெப்சினைத் தாங்கும் நொதிக்குத்தான் இங்கே மதிப்பு. டிரிப்சினைத் தாங்கும் திறனால் பெரிய லாபமில்லை.

இந்த இடத்தில்தான் மூட்டையில் அச்சடித்த எண் நம்மை ஏமாற்றுகிறது. பைட்டேஸின் ஒரு அலகு என்பது, பிஎச் 5.5-இல், 37 டிகிரியில், சோடியம் பைட்டேட் கரைசலிலிருந்து நிமிடத்துக்கு ஒரு மைக்ரோமோல் பாஸ்பேட்டை விடுவிக்கும் அளவு. சர்வதேசத் தர முறையும் இந்த நிலைமையையே வைத்திருக்கிறது. கோழியின் உடல் வெப்பமோ 41 டிகிரியை ஒட்டியது. அரைவைப்பையில் பிஎச் 5.5 கிடையாது. ஆஸ்பெர்ஜில்லஸ் நைஜரின் நொதிக்கு பிஎச் 2.5-லும் 5.5-லும் இரண்டு உச்சங்கள், நடுவே 3, 4 பக்கத்தில் ஒரு சரிவு. அளப்பது உச்சியில், வேலை செய்ய வேண்டியதோ சரிவில். ஈ. கோலை வகையின் உச்சம் அமிலப் பக்கம் சாய்ந்திருப்பதால், ஒரே 500 அலகு என்று எழுதியிருந்தாலும் வயிற்றுக்குள் இரண்டின் உழைப்பும் ஒன்றாக இருக்காது. அலகு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வாங்குகிறவரும் விற்கிறவரும் பேசிக்கொள்ள ஒரு பொது அளவு வேண்டும்தான். அதைத் தரத்தின் அளவாக எடுத்துக்கொள்வதுதான் தவறு.

இதற்கு வரும் முதல் எதிர்வாதம்: நொதியை ஏன் மாற்ற வேண்டும், மேலே ஒரு பூச்சுப் பூசிவிட்டால் ஆகாதா? கொழுப்பாலோ உப்பாலோ பூச்சிட்ட மணிகள் சந்தையில் இருக்கின்றன, நீராவியிலிருந்து காக்கவும் செய்கின்றன. ஆனால் நீராவியைத் தடுக்கும் பூச்சு தீனிப்பையின் ஈரத்தையும் தடுக்கும். அது கரைந்து நொதி வெளிவர எடுக்கும் ஒவ்வொரு நிமிடமும், ஏற்கெனவே குறுகிய வேலை நேரத்திலிருந்து கழிகிறது. மெதுவாகக் கரையும் பூச்சென்றால் நொதி சிறுகுடலில் போய்க் கண் விழிக்கும். அங்கே பைட்டேட் படிந்து கிடக்கும். குச்சி ஆறிய பிறகு நொதித் திரவத்தைத் தெளிப்பது இன்னொரு வழி. பெரிய ஆலைக்கு அது ஒத்துவரும். டன்னுக்குச் சில நூறு மில்லி திரவத்தை எல்லாக் குச்சியிலும் சீராகப் படியவைக்கும் கருவி சிறிய ஆலைகளிடம் இருக்காது. தன் உடம்பிலேயே உறுதி கொண்ட நொதி இருந்தால் இந்தத் தொல்லைகள் இல்லை.

இரண்டாவது எதிர்வாதம் கனமானது. சூட்டைத் தாங்கப் புரதத்தை இறுக்கினால், உடல் வெப்பத்தில் அது விறைத்துப்போய் வேலை குறையாதா? வேலை செய்யும்போது நொதி சற்று அசைந்து கொடுக்கத்தான் வேண்டும். கொதிநீர் ஊற்றுகளில் வாழும் உயிர்களின் நொதிகள் பலவும் 40 டிகிரியில் மந்தமாக இருப்பது உண்மை. ஆனால் இறுக்க வேண்டியது முழு நொதியையும் அல்ல. எந்த முனை முதலில் அவிழ்கிறதோ அங்கே ஒரு கந்தகப் பாலம் போடலாம், மேற்பரப்பில் மின்னேற்றங்களைப் பொருத்தலாம், வினை நடக்கும் பள்ளத்தைத் தொடாமல் விடலாம். டைவெர்ஸாவின் எட்டு மாற்றங்களும் செயல்திறனைக் காவு கொடுக்காமல் உறுதியைக் கூட்டியவைதாம். இருந்தாலும் இந்த எதிர்வாதம் என் பக்கத்துக்கே பலம் சேர்க்கிறது. வெப்ப உறுதியை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுத்தால் விறைத்த நொதியைத் தேர்ந்துவிடும் ஆபத்து நிஜமானது. தேர்வுச் சல்லடையிலேயே அமிலமும் பெப்சினும் 40 டிகிரியும் இருந்தாக வேண்டும்.

கொஞ்சம் கூடுதலாகப் போட்டுவிட்டால் போயிற்று என்பவர்களும் உண்டு. நொதி மலிவாகிவிட்ட காலத்தில் கிலோவுக்கு 1,500 அலகும் அதற்கு மேலும் போடுகிறார்கள். பைட்டேட்டை அடியோடு உடைத்தால் புரதச் செரிமானமும் துத்தநாகம், இரும்பு போன்ற தாதுக்கள் கிடைப்பதும் மேம்படும் என்பது அதன் நோக்கம். நோக்கம் நியாயமானது. ஆனால் ஆலையில் எவ்வளவு சாகும் என்று தெரியாமல், சாவதை ஈடுகட்ட அள்ளிப் போடுவது வேறு. நீராவி இன்று 80 டிகிரி, நாளை 88 என்று மாறும் ஆலையில் இழப்பும் நாளுக்கு நாள் மாறும். கழித்த டிசிபி மட்டும் மாறாது.

மரபு மாற்றம் என்ற சொல்லைக் கேட்டதும் எழும் தயக்கத்தையும் பார்த்துவிடலாம். இங்கே மரபணு மாற்றப்படுவது கோழியிலோ சோளத்திலோ அல்ல, தொட்டியில் வளரும் பூஞ்சையிலும் ஈஸ்ட்டிலும். வெளியே எடுத்துச் சுத்தம் செய்து விற்கப்படுவது புரதம். செரிமானத்தைத் தாங்கும் புரதம் என்றால் இறைச்சிவரை வந்துவிடுமோ என்ற அச்சத்துக்கும் வேலை இல்லை. தேவைப்படும் உறுதி அரைவைப்பைவரைதான். சிறுகுடலில் டிரிப்சின் அதை வெட்டி, மற்றப் புரதங்களைப் போலவே அமினோ அமிலங்களாக்கிவிடுகிறது. ஈ. கோலை வகை டிரிப்சினிடம் தோற்பது குறையே அல்ல, வசதி. உண்மையான ஆபத்து ஆலைத் தொழிலாளிக்குத்தான்: நொதித் தூசியைத் தொடர்ந்து சுவாசித்தால் ஒவ்வாமையும் ஆஸ்துமாவும் வரலாம். தூசி பறக்காத மணிகளாகச் செய்வதும் முகக்கவசமும் அங்கே கட்டாயம். இதைப் பற்றிப் பேச்சு குறைவாக இருப்பது வருத்தத்துக்குரியது.

நொதியையே தவிர்க்கும் யோசனைகளும் வந்து போயின. கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தில் ஈ. கோலையின் அதே பைட்டேஸை உமிழ்நீரில் சுரக்கும் பன்றியை உருவாக்கினார்கள். எச்சத்தின் பாஸ்பரஸ் வெகுவாகக் குறைந்தது. ஆனால் மக்கள் ஏற்பும் நிதியும் கிடைக்காமல் 2012-இல் அந்தத் திட்டம் முடிவுக்கு வந்தது. பைட்டேட் குறைந்த மக்காச்சோள வகைகளில் முளைப்பும் மகசூலும் இடித்தன. விதைக்குத் தேவையானதைப் பறித்துவிட்டு விளைச்சலையும் எதிர்பார்ப்பது எளிதல்ல.

தமிழ்நாட்டில் இந்தக் கேள்வி இரண்டு விதமாக எழுகிறது. நாமக்கல்லின் முட்டைக்கோழிப் பண்ணைகள் பெரும்பாலும் தாங்களே அரைத்த தூள் தீவனத்தைத்தான் கொடுக்கின்றன. அங்கே நீராவியே இல்லை. 95 டிகிரி தாங்கும் என்ற விளம்பரத்துக்காக அவர்கள் கூடுதல் விலை கொடுப்பது வீண் செலவு. கோடைக் கிடங்கில் எத்தனை மாதம் தாங்கும், முட்டை ஓட்டுக்காகச் சேர்க்கும் சுண்ணாம்பு வயிற்றின் அமிலத்தைத் தணித்த பிறகும் வேலை செய்யுமா என்பவையே அவர்களுக்கு உரிய கேள்விகள். பல்லடம் பக்கத்துப் பிராய்லர் ஒருங்கிணைப்பு நிறுவனங்களின் குச்சித் தீவனத்துக்கு நீராவி, வயிறு ஆகிய இரண்டு சோதனையும் வேண்டும். நொதி வாங்குகிறவர்கள் விற்பவரிடம் மூன்று எண்களை எழுத்தில் கேட்க வேண்டும்: தங்கள் ஆலையிலிருந்து எடுத்த குச்சியில் எத்தனை சதவீதம் மிஞ்சியது, பிஎச் 3-இல் செயல்திறன் எவ்வளவு, பெப்சினோடு ஒரு மணி நேரம் வைத்த பிறகு எவ்வளவு. இந்த மூன்றையும் ஒரு சாதாரணத் தீவன ஆய்வுக்கூடத்திலேயே அளந்துவிடலாம்.